‘சிபில் இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்களா? முதல் கடன் வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு...

கடன், வங்கி சம்பந்தமாக வரும் கடிதங்களில் இப்போதெல்லாம் பாதிக்கு மேல் ‘சிபில்’ பற்றித்தான். அதிலும் 20 முதல் 25 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் எழுதும் கடிதங்கள் அதிகம். அதனால் இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

“என் மகனுக்கு 23 வயது. வேளாண்மையில் டிப்ளமோ முடித்துவிட்டு, எங்களோடு சேர்ந்து விவசாயம் பார்க்கிறான். இரண்டு கறவை மாடு வாங்க வங்கியில் கடன் கேட்டோம். ‘பையனுக்கு சிபில் மைனஸ் 1 காட்டுகிறது, தர முடியாது’ என்கிறார்கள். அவன் இதுவரை யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கியது கிடையாது. கடனே வாங்காதவனுக்கு எப்படி மைனஸ் வரும்?”
- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

மைனஸ் என்றதும் பையன் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ‘இவரைப் பற்றி எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை’ என்பதற்கான குறியீடுதான் மைனஸ் 1. பாஸ் மார்க்கும் இல்லை, ஃபெயில் மார்க்கும் இல்லை. பரீட்சையே எழுதவில்லை என்று அர்த்தம்.

பால் சங்கத்தில் நீங்கள் ஊற்றும் பாலுக்கு அட்டை போடுகிறார்கள் அல்லவா? எந்தத் தேதியில், எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு என்று வேளாவேளைக்கு ஏறிக்கொண்டே போகும். ஆறு மாத அட்டையைப் புரட்டிப் பார்த்தால், இவர் ஒழுங்காகப் பால் ஊற்றுகிறவரா, இடையில் நின்றுவிடுகிறவரா என்று தெரிந்துவிடும். கடனுக்கும் அப்படி ஓர் அட்டை இருக்கிறது. அதை வைத்திருக்கும் நிறுவனங்களில் ஒன்றுதான் சிபில். 2000-ம் ஆண்டில் தொடங்கப்பட்டதால் அந்தப் பெயரே எல்லோர் வாயிலும் நிலைத்துவிட்டது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. நான்கும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இயங்குபவை. நீங்கள் வாங்கும் கடன், கட்டும் தவணை, தாமதமான நாள்கள் ஆகியவற்றை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. முன்பு மாதம் ஒரு முறை அனுப்பினார்கள். 2025 ஜனவரி 1 முதல் 15 நாள்களுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும் என்று விதி கொண்டுவரப்பட்டது. அந்தப் பதிவுகளை வைத்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள். பொதுவாக 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் நல்ல மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கின்றன.

இனி, உங்கள் மகன் விஷயம். ‘கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, முதல் முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது’ என்று 2025 ஜனவரி 6 தேதியிட்ட வழிகாட்டுதலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் மக்களவையில் மத்திய நிதித்துறை இணையமைச்சரும் இதைத் தெளிவுபடுத்தினார். அதற்காக, கேட்டவுடன் கடன் தந்தே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. வருமானம், தொழில் அனுபவம், திருப்பிக் கட்டும் வழி இவற்றைப் பார்த்துத்தான் வங்கி முடிவெடுக்கும். ஆனால், ‘மைனஸ் 1’ என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்புவது சரியில்லை.

அதனால், வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கேட்கும்போதே பல இடங்களில் பேச்சு மாறிவிடும். விண்ணப்பத்தோடு, பையனின் வருமானத்துக்கு ஆதாரம் வைப்பதுதான் முக்கியம். இப்போது வீட்டில் மாடு இருந்து, பால் பணம் உங்கள் கணக்கில் வருகிறது என்றால், பையனையும் பால் சங்கத்தில் உறுப்பினராக்கி, அவர் ஊற்றும் பாலுக்கான பணம் அவர் கணக்கிலேயே வரும்படி செய்யுங்கள். ஆறு மாத பாஸ்புக் வரவு, மேலாளருக்கு எந்தப் பேச்சையும்விட நன்றாகப் புரியும்.

கேட்கும் கடனையும் பிரித்துக் கேளுங்கள். மாடு வாங்குவது தவணைக் கடனில் வரும். தீவனம், மருத்துவம் போன்ற நடைமுறைச் செலவுக்கு கால்நடைக்கான கிசான் கிரெடிட் கார்டு கேட்கலாம். விவசாயத்துக்கும் கால்நடை போன்ற துணைத் தொழில்களுக்கும் 2 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கக் கூடாது என்பது 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதற்கு முன்பு இந்த வரம்பு 1.60 லட்சமாக இருந்தது. கறவை மாடு, கோழி, தேனீ வளர்ப்புக்கு முத்ரா திட்டத்திலும் கேட்கலாம். அதில் ‘சிசு’ என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். முதல் கடனை ஒரு மாட்டோடு, சிறிய தொகையாக ஆரம்பித்து ஒழுங்காகக் கட்டினால், இரண்டாவது மாட்டுக்குப் போகும்போது பையன் பெயரில் அட்டை ஏறியிருக்கும்.

“நிலம் முழுவதும் என் பெயரில் இருக்கிறது. பயிர்க் கடன், நகைக் கடன் எல்லாம் என் பெயரில்தான் வாங்குவோம். பிள்ளைகள் பெயரில் கடன் வரலாறு உண்டாக்க என்ன வழி? கிரெடிட் கார்டு வாங்கினால் ஸ்கோர் ஏறும் என்கிறார்களே?”
- வாசகர், ஈரோடு மாவட்டம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஸ்கோருக்காக மட்டும் கடன் வாங்காதீர்கள். எப்படியும் வாங்கப்போகிற கடனில் ஒன்றைப் பிள்ளை பெயரில் வாங்குங்கள். அதுபோதும்.

வருடா வருடம் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் வங்கியில் நகை வைக்கிற குடும்பங்கள் அதிகம். 18 வயது நிறைந்த பிள்ளைக்குச் சொந்தமாக நகை இருந்தால், அதை அடுத்த முறை அவர் பெயரிலேயே வைக்கலாம். வங்கி நகைக் கடனும் கடன் அட்டையில் ஏறும். ஆனால், 12 மாதத்தில் முடியும் கடன் என்றால் 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ‘நகைதான் வங்கியில் இருக்கிறதே’ என்று விட்டுவிட்டால், நிலுவையாகப் பதிவாகும். ஏலத்துக்குப் போனால் நகையும் போய், பெயரும் போய்விடும்.

குத்தகைக்கோ வாரத்துக்கோ சாகுபடி செய்பவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. பட்டா பெயரில் இல்லை என்பதாலேயே தகுதி போய்விடாது. பிள்ளை தனியாகச் சாகுபடி செய்கிறார் என்றால் கேட்டுப் பார்க்கலாம். இந்தக் கடனில் தேதி தவறாமல் இருப்பது ஸ்கோருக்கு மட்டுமல்ல, மடிக்கும் லாபம். 1 லட்சம் ரூபாய்க்கு 7 சதவிகித வட்டி என்றால் வருடத்துக்கு 7,000 ரூபாய். உரிய தேதிக்குள் கட்டினால் 3 சதவிகிதம் சலுகை. ஆக, 4,000 ரூபாய்தான் வட்டி. ஒரு நாள் தவறினாலும் அந்த 3,000 ரூபாய் கைவிட்டுப் போகும். நம் மாநிலத்தில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடனை உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால், தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒழுங்காகக் கட்டிய கணக்கு எல்லோருடைய அறிக்கையிலும் ஏறியிருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அறிக்கையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கல்விக் கடன் வாங்கிப் படித்த பிள்ளை என்றால், அவர் பெயரில் ஏற்கெனவே அட்டை ஆரம்பித்துவிட்டது. படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டு வரை தவணை கட்ட அவகாசம் தருவார்கள். அந்த அவகாசம் முடியும் தேதி பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பிள்ளை சென்னையிலோ ஓசூரிலோ வேலை தேடிக்கொண்டிருப்பார். வங்கிக் கடிதம் ஊர் முகவரிக்கு வந்து அலமாரியில் கிடக்கும். அந்தக் கடனில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பதால், தவறினால் இரண்டு பேர் ஸ்கோரும் இறங்கும். வேலை கிடைக்கவில்லை என்றால், அவகாசம் முடிவதற்கு முன்பே கிளைக்குப் போய்ப் பேசுங்கள். தவணை தவறிய பிறகு பேசுவதைவிட, முன்கூட்டிப் பேசினால் வழி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கிரெடிட் கார்டு பற்றி... மாதச் சம்பளம் இல்லாத பிள்ளைக்கு வங்கி சாதாரணமாக கார்டு தராது. வைப்புத்தொகை போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கலாம். வைப்புத்தொகையில் ஒரு பகுதிதான் செலவு வரம்பாக இருக்கும். வாங்கினால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் செலவு இருக்கட்டும். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று 10,000 ரூபாய்க்கு 500 ரூபாய் காட்டுவார்கள். அதை மட்டும் கட்டினால், மீதிக்கு மாதம் 3 சதவிகிதத்துக்கு மேலும் வட்டி போடுவார்கள். 3 வட்டிக்குக் கந்துவட்டிக்காரரிடம் வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தக் கட்டுப்பாடு பிள்ளையிடம் இல்லை என்று தோன்றினால், கார்டு வேண்டவே வேண்டாம்.

கடன் ஆரம்பித்த மறுநாளே ஸ்கோர் வந்துவிடாது. சுமார் ஆறு மாதக் கணக்கு ஏறிய பிறகுதான் பார்க்கும்படியான மதிப்பெண் வரும். மாடு சினைப்பிடித்து ஈனும் வரை பொறுக்கிறோம். இதற்கும் பொறுமை வேண்டும்.

“எனக்கு 21 வயது. என்கூடப் படித்த நண்பனுக்குக் கடன் கிடைக்கவில்லை என்று, என் ஆதார், பான் கார்டைக் கொடுத்து 18,000 ரூபாய்க்கு மாதத் தவணையில் செல்போன் வாங்கிக் கொடுத்தேன். மூன்று தவணை கட்டினான். இப்போது போனை எடுப்பதில்லை. வசூல் ஆள்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. என்ன செய்வது?”
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

தம்பி, இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். வசூல் ஆள் சொல்லித் தெரிவதைவிட, நீங்கள் சொல்லித் தெரிவது நல்லது. 18,000 ரூபாய் விஷயம் இப்போது கைக்குள் இருக்கிறது. இன்னும் ஆறு மாதம் மறைத்தால், அபராதமும் தாமதக் கட்டணமும் சேர்ந்து பெரிதாகிவிடும்.

போன் யார் கையில் இருந்தாலும், பத்திரத்தில் கடன்காரர் நீங்கள்தான். கணக்கு எண்ணைச் சொல்லி, எத்தனை தவணை பாக்கி, அபராதம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்பாவின் உதவியோடு பாக்கித் தவணைகளைக் கட்டுங்கள். வசூல் ஆள் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கடன் கணக்கில் நேரடியாகக் கட்டி ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு தூண்டில் வரும். ‘பாக்கி 12,000 இருக்கிறது, 7,000 கட்டுங்கள், முடித்துவிடுகிறோம்’ என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால், அறிக்கையில் ‘முடிந்தது’ என்பதற்குப் பதிலாக ‘செட்டில்டு’ என்று ஏறும். முழுசாகக் கட்டவில்லை, பேரம் பேசி விட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். நாளை டிராக்டருக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கும்போது, அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். கடன் பதிவுகளை இந்த நிறுவனங்கள் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்கும். 21 வயதில் 5,000 ரூபாய் மிச்சம் பிடித்து, 28 வயது வரை அதைச் சுமக்க வேண்டுமா? முழுத் தொகையையும் கட்டி, கடன் முடிந்ததற்கான சான்றிதழை வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து, ‘முடிந்தது’ என்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கோர் உடனே ஏறாது. இனி வாங்கும் கடனை ஒழுங்காகக் கட்டக் கட்ட, பழைய தாமதத்தின் கனம் குறையும்.

வசூல் ஆள்களுக்கும் வரம்பு உண்டு. காலை 8 மணிக்கு முன்பும், மாலை 7 மணிக்குப் பிறகும் அவர்கள் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டுவது, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்துவது கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மீறினால் தேதி, நேரம் குறித்து, கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். நண்பனிடம் பணத்தைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. ஆனால், அவன் தருவான் என்று தவணையை நிறுத்தி வைக்காதீர்கள்.

“நான் இதுவரை கடனே வாங்கவில்லை. தையல் மெஷின் வாங்க வங்கிக்குப் போனால், என் பெயரில் ஏற்கெனவே இரண்டு கடன் நிலுவையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு குழுக் கடன் தருவதாகச் சொல்லி ஒருவர் எங்கள் தெருவில் ஆதார் நகலும், கைரேகையும் வாங்கிப் போனார். கடன் வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?”
- வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.

இருக்கலாம் அம்மா. பார்க்காமல் முடிவுக்கு வர முடியாது. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போய், வேறொருவர் கடன் உங்கள் பெயரில் ஏறிவிடுவதும் உண்டு. முதலில் அறிக்கையைக் கையில் எடுங்கள். நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பான் எண்ணும், செல்போனும் இருந்தால் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே எடுக்கலாம். இலவச அறிக்கைக்கும் மாதச் சந்தாவுக்கும் பக்கத்தில் பக்கத்தில் பொத்தான் இருக்கும். பார்த்து அழுத்துங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒரே மாதத்தில் நான்கைந்து இடத்தில் கடன் கேட்டு விண்ணப்பித்தால்தான் குறையும்.

அறிக்கையில் அந்த இரண்டு கடனையும் கொடுத்தது யார், எந்தத் தேதியில், எவ்வளவு என்று இருக்கும். அது உங்களுடையது அல்ல என்றால், அந்த இணையதளத்திலேயே தகராறு பதிவு செய்யுங்கள். கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதி, ‘என் கையெழுத்து உள்ள விண்ணப்பத்தையும், பணம் எந்தக் கணக்கில் போடப்பட்டது என்ற விவரத்தையும் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். பணம் யார் கணக்குக்குப் போனது என்பதில்தான் உண்மை வெளிவரும். அவர்கள் 30 நாள்களுக்குள் தீர்த்துவைக்க வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண். மோசடி என்று தெரிந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, ரசீது நகலைப் புகாரோடு இணையுங்கள். தெருவில் மற்ற பெண்களும் அன்றைக்குக் கைரேகை வைத்திருந்தால், அவர்களையும் அறிக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து பேர் சேர்ந்து போனால் வேலை வேகமாக நடக்கும்.

இனி ஆதார் நகல் கொடுக்கும்போது, அதன் மீதே ‘இன்ன காரியத்துக்காக, இன்ன தேதியில் கொடுக்கப்பட்டது’ என்று எழுதிக் கொடுங்கள். எதற்கென்று தெரியாமல் கைரேகை வைக்க வேண்டாம்.

“அப்பாவின் கடன் நிலுவையில் இருந்தால், மகளின் ஸ்கோர் குறையுமா? ஜாமீன் கையெழுத்துப் போட்டால்?”
- வாசகி, கடலூர் மாவட்டம்.

கடன் அட்டை ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனி. அப்பாவின் நிலுவை மகளின் கணக்கில் ஏறாது. ஆனால், அந்தக் கடனில் மகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாலோ, ஜாமீன் நின்றிருந்தாலோ ஏறும். ஜாமீன் என்பது சாட்சிக் கையெழுத்து அல்ல. ‘அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுப்பது. உங்களால் கட்ட முடியாத தொகைக்கு, பெரியப்பா மகனே கேட்டாலும் போடாதீர்கள். முதல் வேலை, முதல் கடன் என்று இருக்கும் வயதில், மற்றவர் கடன் உங்கள் பெயரில் இருந்தால், உங்களுக்குத் தேவையான கடன் கிடைக்காமல் போகும்.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் கவனிக்க வேண்டியவை

* பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கும் பான் கார்டும் இருக்கட்டும். அவர் சம்பாதிக்கும் பணம் அந்தக் கணக்கிலேயே வரட்டும்.
* கணக்கில் கொடுத்திருக்கும் செல்போன் எண்ணை மாற்றினால், வங்கியிலும் மாற்றுங்கள். யாராவது உங்கள் அறிக்கையைப் பார்த்தால், இப்போது குறுஞ்செய்தி வரும். பழைய எண்ணுக்குப் போனால் உங்களுக்குத் தெரியாது.
* தவணைத் தேதியை, அறுவடைப் பணமோ பால் பணமோ வரும் தேதிக்குப் பிறகு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.
* ஐந்து நிமிடத்தில் கடன் என்று செல்போனில் வரும் ஆப்களில், எந்த வங்கி அல்லது பதிவுபெற்ற நிறுவனம் பணம் தருகிறது என்ற விவரம் இல்லையென்றால் தொடாதீர்கள். ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள்.
* ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கல் முடிந்ததும், வீட்டில் எல்லோருடைய அறிக்கையையும் எடுத்துப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி அனுப்பும் வாசகர்கள் ஆதார் எண், பான் எண், கணக்கு எண் எதையும் கடிதத்தில் எழுத வேண்டாம். கடன் வாங்கிய மாதம், தொகை, எத்தனை தவணை கட்டியிருக்கிறீர்கள் என்ற விவரம் மட்டும் போதும். மழை, பூச்சி தாக்குதலால் பயிர்க் கடனைக் குறித்த தேதியில் கட்ட முடியாதவர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறோம்.